அறுபத்தோராம் பக்கம்

சென்ற வாரம் அத்தையைப் பதிப்பகத்தின் வாசலில், முகமெல்லாம் சிரிப்பாக நிற்கவைத்துவிட்டு வந்தோம். பத்துக்கும் பதின்மூன்றுக்கும் இடைப்பட்ட வயதுப் பிள்ளைகளுக்காக அவள் எழுதிய நான்காவது நாவல், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. வீட்டில் அவளோடு இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவன் லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி. மற்றவள் அவன் மகள் மிளகு, வயது பன்னிரண்டு. தம்பி மனைவி இன்ஜினியர். நாலு மாதமாக வெளியூரில் ஆற்றின் மேல் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு தெரிந்தால் போதும். இன்றைக்குத்தான் புதிதாக வருகிறவர்களும் தைரியமாக உட்காரலாம்.

அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது. காலை ஏழரை மணிக்கே அத்தை சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

காரணம் ஒரு பச்சைத் துணி கிளிப். மிளகு எந்தப் புத்தகத்தை எங்கே நிறுத்தினாலும் அந்தப் பக்கத்தில் துணி கிளிப்பை மாட்டிவைப்பாள். அத்தையின் நாவல் பிரதி, பைலுக்குள் கட்டி, பதினோரு நாளாகச் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் கிடந்தது. கிளிப் இருந்தது அறுபத்தோராம் பக்கத்தில். முதல் நாளே அங்கே வந்துசேர்ந்துவிட்டது. அதன் பிறகு அசையவில்லை.

மிளகைத் தெரிந்தவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. அந்தப் பெண் புத்தகத்தைத் தொட்டால் முடிக்காமல் எழுந்திருக்காத ஜாதி. முடித்ததும் ஒரு சீட்டில் நாலு வரி எழுதுவாள். சனிக்கிழமை காலை பொது நூலகத்தின் சிறுவர் பகுதிப் பலகையில் அதைக் குத்திவிட்டு வருவாள். சீட்டைப் படிப்பதற்கென்றே பிள்ளைகள் வருவார்கள். எழுத்தாளர்கள் அந்தப் பக்கம் வராமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

"இந்தக் கதையில் நாலு பிள்ளைகள், ஒரு நாய். நாய்க்கு மட்டும்தான் மூளை இருக்கிறது. அதையும் தொண்ணூறாம் பக்கத்தில் சாகடித்துவிட்டார்கள்" என்பது ஒரு சீட்டு. இன்னொன்றில், "முதல் அத்தியாயத்திலேயே அப்பா, அம்மா இரண்டு பேரையும் விபத்தில் அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே அனுப்ப வேறு வழியே தெரியாதா? எங்கள் வீட்டில் பால் வாங்கிவரச் சொல்வார்கள்" என்று இருந்தது. தன் திட்டத்தை முழுதாகச் சொல்லிவிட்டுச் சிரிக்கிற வில்லனை, பேசாமல் வேலையைப் பார்த்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று ஒரே வரியில் முடித்தாள். எல்லாம் கனவு என்று முடிந்த ஒரு தடித்த புத்தகத்திடம், என் மூன்று நாளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தாள்.

நூலகரே மனப்பாடமாகச் சொல்லும் சீட்டு ஒன்று உண்டு. "இந்த மாதிரிப் புத்தகங்களில் பன்னிரண்டு வயதுப் பெண் கடைசியில் தான் யார் என்று கண்டுபிடித்துவிடுகிறாள். எனக்கும் பன்னிரண்டு வயதுதான். நான் இன்னும் என் கணக்கு நோட்டையே கண்டுபிடிக்கவில்லை."

திட்ட மட்டும்தான் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சைக்கிளுக்காக இரண்டு சிநேகிதிகள் சண்டை போடுவதைத் தவிர வேறெதுவும் நடக்காத ஒல்லிப் புத்தகத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். யாரும் மன்னிப்புக் கேட்காமலே இரண்டு பேரும் சேர்ந்துவிடுகிறார்கள், நிஜத்திலும் அப்படித்தான் என்று எழுதினாள். அந்தச் சீட்டைக் குத்திய வாரம் அந்தப் புத்தகத்துக்கு நூலகத்தில் பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள்.

அவளிடம் ஒரு சட்டமும் இருந்தது. ஒரு புத்தகத்துக்குச் சீட்டு எழுதாமல் அடுத்ததைத் திறக்க மாட்டாள். ஆக, பதினோரு நாளாக அந்தப் பெண் எதையுமே படிக்கவில்லை.

அன்று காலை ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே, அத்தை காற்றோடு பேசுகிறவளைப் போல விசாரித்தாள். என் கதை எப்படிப் போகுது என்று கேட்டாள்.

"நல்லாருக்கு அத்தை," என்றாள் மிளகு.

அத்தையின் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். பக்கத்து வீட்டுக்காரர் வயலின் வாசிக்கிறேன் பேர்வழி என்று காதை அறுத்தபோது, மிளகு சொன்னது அதுதான். அவள் அப்பா முதன்முதலாகக் கேக் செய்து அடுப்பையே கரியாக்கியபோதும் அதைத்தான் சொன்னாள். உண்மையைச் சொன்னால் மனசு உடைந்துவிடும் என்று அவள் பயப்படுகிற இடத்தில் மட்டும் வெளியே வரும் சொல் அது.

மிளகு பையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குக் கம்பி நீட்டிவிட்டாள். அத்தை பைலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள்.

அந்த ஏழு மாடிக் கட்டடத்தின் லிஃப்டும் தம்பியின் பொறுப்பில்தான் இருந்தது. மேலே மோட்டார் அறையில், முழங்கை வரை கிரீஸோடு அவன் உட்கார்ந்திருந்தான். அத்தை பைலை அவனுடைய கருவிப் பெட்டியின் மேல் போட்டுவிட்டு மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். ஐந்து மணிக்கு அச்சு. மிளகு அறுபத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டாள். அந்தப் பக்கத்தில்தான் ஏழாம் அத்தியாயம் தொடங்குகிறது. அதுதான் புத்தகத்தின் உயிர் என்று பதிப்பாசிரியை இரண்டு தடவை போனில் சொல்லியிருக்கிறாள். உயிர் இருக்கிற இடத்திலேயே இந்தப் பெண் ஏன் நின்றாள்?

தம்பியைக் கேட்டு என்ன பிரயோசனம் என்று நீங்கள் நினைக்கலாம். அக்காவின் மூன்று நாவல்களிலும் அவன் இருபதாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. தூக்கத்துக்கு நல்ல மருந்து என்று நண்பர்களிடம் சொல்லுகிற துரோகி. ஆனாலும் இந்தத் தடவை அவன் கிண்டல் செய்யவில்லை.

"லிஃப்ட் நின்னுட்டா நான் வெளிய நின்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்க மாட்டேன்க்கா," என்றான். "முதல்ல உள்ள இருக்கறவங்ககிட்ட பேசுவேன். போய் அவகிட்டயே கேளு."

அத்தை அப்படியே திரும்பி, ஏழு மாடியையும் படிவழியாகவே இறங்கினாள். பைலை அங்கேயே மறந்துவிட்டது நூலகத்து வாசலில்தான் அவளுக்கு உறைத்தது. போகட்டும், மனப்பாடமாகத் தெரிந்த கதைதானே என்று உள்ளே நுழைந்தாள்.

சிறுவர் பகுதியில் பலகை காலியாக இருந்தது. போன சனிக்கிழமையும் சீட்டு இல்லை, பிள்ளைகள் வந்து ஏமாந்து போகிறார்கள் என்று நூலகர் அத்தையிடம் குறைப்பட்டுக்கொண்டார். மிளகு ஜன்னலோர மேஜையில், எதிரே ஒரு வெற்றுச் சீட்டை வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை குட்டி நாற்காலியில் தன்னை எப்படியோ திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றிவளைக்கவில்லை. புத்தகம் மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்லிவிடு, பதினோரு நாள் பட்டினி கிடக்காதே என்றாள்.

மிளகு தலையை நிமிர்த்தாமல், மோசமில்லை என்றாள். அறுபது பக்கம் வரை மூன்று இடத்தில் சத்தமாகச் சிரித்தாளாம். கணக்கு வாத்தியார் தன்னுடைய சட்டையையே தேடுகிற இடத்தில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டதாம். அத்தைக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"அப்புறம் என்னடி?"

"அப்புறம் கதைக்குள்ள நான் வந்துட்டேன் அத்தை."

அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று.

நாலு மாதத்துக்கு முன்னால், மிளகின் அம்மா பெட்டியோடு கிளம்பிய நாள். பத்து வருஷம் வீட்டோடு இருந்தவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. போகலாமா வேண்டாமா என்று அவள் தவித்தபோது, நான் என்ன குழந்தையா, நீங்க போங்கம்மா என்று அனுப்பிவைத்தவள் மிளகுதான். வாசலில் சிரித்துக்கொண்டே கையசைத்தாள். அன்று மதியம் தம்பி போனில் டார்ச் லைட் கேட்டான் என்று அத்தை நாலாம் மாடியில் போய் நின்றாள். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே மிளகு, பள்ளிப் பையின் வாரைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். யாரும் பார்க்காமல் அழ அந்த வீட்டில் வேறு இடம் இல்லை. அதனால் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். அத்தை எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் நின்று, அவளோடு நாலு தடவை மேலே போய்க் கீழே வந்தாள். யாரிடமும் சொல்லவும் இல்லை.

சொல்லவில்லை, எழுதிவிட்டாள். கதையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணாடியும் இரட்டைச் சடையும் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். மிளகு பார்த்தால் பூரித்துப்போவாள் என்றுகூட நினைத்தாள். எழுதுகிறவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

"அம்மா உங்க புத்தகம் வந்த அன்னைக்கே வாங்கிப் படிச்சிருவாங்க," என்றாள் மிளகு. "படிச்சா தெரிஞ்சிரும். தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வந்துருவாங்க. இன்னும் ரெண்டு மாசத்துல ரெண்டு பக்கமும் சேரப்போகுது அத்தை. அவங்க போன்ல சொல்றப்ப எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க தெரியுமா? உங்க கதையிலயும் அடுத்து அதுதான வரும்? அம்மா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவாங்க. எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான் வரும்."

அறுபத்தொன்பதாம் பக்கத்தில் அந்தக் கதையின் அம்மா எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடித்தான் வருகிறாள்.

இதை ஏன் பதினோரு நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டபோது, அந்த அத்தியாயம்தான் ரொம்ப நல்லா வந்திருக்கிறதென்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்களே என்றாள் மிளகு. பிறகு பென்சிலைப் பார்த்துக்கொண்டு மெதுவாக இன்னொன்றும் சொன்னாள்.

"அன்னைக்கு லிஃப்டுக்குள்ள நீங்க அத்தையாத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன்."

இருபது வருஷமாக எழுதுகிறவளுக்கு எத்தனையோ விமர்சனம் வந்திருக்கிறது. எதற்கும் அத்தை அழுததில்லை. இதற்குக் கண் நிறைந்துவிட்டது. தப்புப் பண்ணிட்டேன்டி என்றாள். அதற்குமேல் அலங்காரமாக எதுவும் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் பதிப்பாசிரியைக்கு போன் போட்டாள். ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்றதும், மறுமுனையில் அந்த அம்மாள் பேச ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. புத்தகத்தின் முதுகெலும்பை உருவிவிட்டு எதை அச்சடிப்பது என்றாள். காரணம் கேட்டாள். அது என்னுடையது இல்லை, அவ்வளவுதான் என்றாள் அத்தை. கடைசியில் ஒரு கெடு கிடைத்தது. பக்கங்கள் எல்லாம் எண்ணிக் கோக்கப்பட்டுவிட்டன. ஒன்பது பக்கம் போனால் ஒன்பது பக்கம் வந்தாக வேண்டும், ஐந்து மணிக்குள்.

அப்போது மணி பதினொன்று.

அடுத்த ஐந்து மணி நேரம் அந்தக் குட்டி மேஜையில் நடந்ததை நூலகர் இன்னும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை எழுத எழுத மிளகு படித்தாள். முதல் முயற்சியில் ஒரு ரகசியச் சுரங்கம் வந்தது. அதுவரை அறுபது பக்கம் யாருக்கும் தெரியாத சுரங்கம் இப்போது மட்டும் எங்கிருந்து முளைத்தது என்று மிளகு திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டாவதில் ஒரு பெரியவர் வந்து வாழ்க்கையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் பேசினார். மிளகு அவரைக் கோடு போட்டு அடித்தாள். பிள்ளைகள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள், நானும் புரட்டினேன் என்றாள்.

ஒரு மணிக்கு அத்தை பேனாவைப் போட்டுவிட்டாள். அந்த இடத்தில் நிஜமாக ஒன்று வேண்டும், நிஜமாக எதுவும் வரவில்லை என்று புலம்பினாள்.

"உங்ககிட்ட சொந்தமா ஒரு ரகசியம்கூடவா இல்ல?" என்று கேட்டாள் மிளகு.

இருந்தது. பன்னிரண்டு வயதில், தம்பி தானே ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்துச் செய்த ரேடியோவை அத்தை ஆசைக்குத் திறந்து பார்த்தாள். ஏதோ ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது. சத்தமில்லாமல் மூடிவைத்தாள். தான் செய்ததில்தான் கோளாறு என்று நினைத்து, தம்பி மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தான். முப்பது வருஷம் ஆகிறது, இன்னும் அவனுக்குத் தெரியாது.

மிளகின் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அதுதான் வேண்டும் என்றாள். அத்தைக்கு வேர்த்தது. ஆனாலும் எழுதினாள். மூன்றே கால் மணிக்கு ஒன்பது பக்கமும் முடிந்தன. மிளகு கடைசி வரை படித்துவிட்டு, அந்தப் பெண் கடைசியில் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்க வேண்டும், உடனே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். அத்தை அதையும் சேர்த்தாள். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துப் போய்ப் பதிப்பாசிரியையின் கையில் கொடுக்கும்போது ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது. அந்த அம்மாள் நின்றபடியே படித்தாள். பழசு நன்றாக இருந்தது, இது வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, அச்சுக்காரரைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை. வழியெல்லாம் அவர்கள் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரரும் காரணம் தெரியாமல் சிரித்தார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, பாலம் பத்திரம். மிளகு அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தால், கூடத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். மடியில் அந்த பைல். இருபதாம் பக்கத்தைத் தாண்டாத மனிதன், கிளிப் இருந்த இடத்தில் திறந்து, ஏழாம் அத்தியாயத்தை முழுக்கப் படித்திருந்தான்.

மிளகு வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். அத்தை முந்திக்கொண்டு, அது வெறும் கதைடா என்று ஏதோ உளறினாள்.

"அக்கா, நாலாம் மாடியில அன்னைக்கு லிஃப்ட் தானா நின்னுச்சுன்னா நெனச்ச?" என்றான் தம்பி.

அவன் அன்று மேலே மோட்டார் அறையில் இருந்திருக்கிறான். எந்த மாடியிலும் நிற்காமல் லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்ததும், உள்ளே யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாரும் ஏறிவிடாதபடி எல்லா மாடியின் பொத்தானையும் நிறுத்திவைத்தான். கிரீஸ் கையோடு தானே போய் நின்றால் மகள் கூசிப்போவாள் என்று, டார்ச் லைட்டைச் சாக்குச் சொல்லி அக்காவை நாலாம் மாடிக்கு வரவழைத்து, லிஃப்டை அங்கே நிறுத்தினான்.

அம்மாகிட்ட சொன்னீங்களா என்று மிளகு கேட்டாள்.

அன்றைக்கே சொன்னானாம். அம்மா பாதி வழியில் பெட்டியோடு இறங்கிவிட்டாளாம். இவன்தான், இப்போது மிளகு சீட்டில் ஏதோ ஒரு புத்தகத்தைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருக்கிறாள், தேறிவிட்டாள், நீ போ என்று அனுப்பினான். அப்போது புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நூலகர் பலகைச் சீட்டைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்புவார், அவன் அவளுக்கு அனுப்புவான். மகள் புத்தகங்களைத் திட்டிக்கொண்டிருக்கும் வரை அம்மா பாலத்தைப் பார்ப்பாள்.

"ரெண்டு வாரமா சீட்டு வரலையேம்மா," என்றான் தம்பி. "இன்னைக்கும் இல்லன்னு காலையில தெரிஞ்சதும், மூணு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு மத்தியான ரயில்ல ஏறிட்டா. அடுத்த ஸ்டேஷன் எட்டு மணிக்குத்தான். நீ நல்லா இருக்கேன்னு நான் இப்ப போன் பண்ணிச் சொன்னா, அங்கயே இறங்கித் திரும்பிப் போயிருவா. சொல்லட்டுமா?"

பதினோரு நாள் காவல் காத்தது, காலையிலிருந்து ஓடிய ஓட்டம், எல்லாம் எதற்காக என்று அத்தைக்குத் தெரியும். மிளகு நிமிர்ந்து நின்றாள். அம்மாவை வழியனுப்பிய நாளில் போட்டிருந்த பெரிய மனுஷி முகம் பாதி வந்தது, மீதி வரவில்லை.

"பண்ணாதீங்கப்பா," என்றாள். "அம்மா வரட்டும்."

சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவில், அப்பாவும் அத்தையும் பார்க்கப் பார்க்க, சத்தமாக அழுதாள். அத்தை அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

தம்பியின் கையிலிருந்த போன் அடித்தது. ரயிலிலிருந்து அவள் அம்மாதான். அவன் எடுக்கலாமா வேண்டாமா என்று மகளைப் பார்த்தான். மிளகு கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் போனுக்குக் கையை நீட்டினாள்.